கப்பலில் முன்னால் வந்த பெட்டி

கோல்ஃப் மைதானமே இல்லாத புங்குடுதீவுக்கு, பக்கத்துத் தீவின் சாட்டிக் கடற்கரை மணலில் அடித்துப் பழகலாம் என்று கனடாவிலிருந்து கோல்ஃப் மட்டைகளை அனுப்பிய மேதை நான்தான். விமானத்தில் கொண்டுபோனால் உடைத்துவிடுவார்கள் என்று பயந்து, மூன்று மாதம் முன்பே கப்பலில் ஏற்றிவிட்டேன்.

புங்குடுதீவின் இறுப்பிட்டியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனிதர்தான் பெட்டியைப் பொறுப்பெடுத்திருந்தார். மெலிந்தவர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. தினமும் காலையில் பெட்டியை நகர்த்தி, கறையான் ஏறாமல் கீழே கூட்டுவாராம். நான் போய் இறங்கியபோதும் கூட்டிக்கொண்டுதான் இருந்தார்.

“உங்களுக்கு வீண் கரைச்சல் அண்ணை. பிளேனிலையே கொண்டு வந்திருக்கலாம்.”

“என்ன கரைச்சல் தம்பி? நீங்கள் கையோடை கொண்டு வந்திருந்தால் வந்த அண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். பெட்டி முன்னுக்கு வந்ததாலை, ஒராள் வரப்போகுதெண்டு ஒரு மாசமாச் சந்தோசமா இருந்தனான்.”

மூன்றாம் நாளே எனக்கு மணல் அலுத்துவிட்டது. திரும்பும்போது, அவருக்கு எதிர்பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று பெட்டியை அங்கேயே விட்டுவந்தேன். அந்த நல்ல காரியத்தை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நீங்கள் இனி அங்கை போகப்போறதில்லை. அதை ஆர் அந்த மனுசனுக்குச் சொல்லுறது?” என்றாள்.