என் கம்ப்யூட்டரில் அஸ்தம், எதிர்க்கடையில் சித்திரை

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், எஸ்.டி.டி., கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு எழுதி வைத்திருந்தேன். நான் படித்தது எட்டாவது வரைக்கும். அதற்கு முன்னால் மிளகு மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தவன். சேலத்தில் யாரோ கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கிருந்த கம்ப்யூட்டரை வாங்கினேன். மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வந்து சேரும்வரை, பஸ்ஸில் டிவி மாதிரி இருந்த பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அது என் நெஞ்சில் இடித்தது.

கறுப்புத் திரை. பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. பேர், தேதி, நேரம், ஊர் தட்டினால் பிரிண்டர் கொஞ்ச நேரம் கீச்சென்று கத்தும். ஜாதகம் வந்துவிடும். இரண்டு பேருக்குத் தட்டினால் பொருத்தமும் சொல்லும்.

எனக்கு ஜோசியம் தெரியாது. அதனால்தான் என்னிடம் வந்தார்கள். தெரிந்தவன் மாற்றிச் சொல்லுவான், இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்தார்கள். நினைத்தது சரி.

மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் என்னிடம் வருவது குறைவு. கீழேயிருந்து வந்து தோட்டம் வாங்கியவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், இவர்கள்தான் வருவார்கள். டீக்கடைக்காரர் மலையிலேயே பைல் நாட்டுக்காரர். அவர் ஒருநாள் சொன்னார்: "நாங்க பொண்ணு பாக்க ஊட்டுக்குப் போவோம். நீங்கதான் கடைக்குப் போறீங்க."

தொண்ணூற்றொன்பதில் எதிர்ப்பக்கம் இன்னொரு கடை வந்தது. நாமக்கல்லிலிருந்து ஒரு இளவட்டம், டிப்ளமோ படித்தவன். கலர் திரை, மவுஸ், பிள்ளையார் படம் போட்டு கலரில் வரும் ஜாதகம். என் கடையில் பார்த்து ஆகாது என்று தாள் வாங்கினவர்கள் ரோட்டைத் தாண்டிப் போனார்கள். சிலர் ஆகும் என்று எழுதின தாளோடு திரும்பி வந்தார்கள். என் கடையைத் தாண்டும்போது தாளை மடித்துக்கொள்வார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதிலிருந்து டீக்கடையில் இரண்டு கட்சி. மிளகு யாவாரி ஒருத்தர் என் பக்கம். அவர் மண்டியிலும் என்னுடையது மாதிரியே கறுப்புத் திரை. என் புரோகிராமைத்தான் காப்பி எடுத்து வைத்திருந்தார். ஐஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் அந்தப் பக்கம். வீட்டில் புதுசு வாங்கிப் போட்டிருந்தார். என் பிளாப்பி பெரிசு, மெல்லிசு, வளையும். அவருடையது சின்னது, கெட்டி. ஒன்றை மற்றதில் நுழைக்கவே முடியாது.

"என்னுங்க இது, அப்பளமாட்டம் இருக்குது. எண்ணெய்ல போட்டாப் பொரியுமாட்ட" என்பார் வாத்தியார்.

"உங்களுது எலியைப் புடிச்சாத்தான் வேலை செய்யுமாமா. எங்களுது தானே செய்யும்" என்பார் யாவாரி.

"ரெண்டாயிரம் பொறந்தா உங்க மிசினு நின்னுபோகும். வருசம் எண்ணத் தெரியாது அதுக்கு."

"எண்ணத் தெரியாமயா இத்தன பேருக்குக் கல்யாணம் பண்ணி வச்சுது? நீங்க டீயக் குடிங்க வாத்தியாரே."

எனக்கு எதிர்க்கடைப் பையன்மேல் சந்தேகம். ஆகாததை ஆகும் என்று மாற்றிக் கொடுக்கிறான், அதனால்தான் கூட்டம் போகிறது என்று நினைத்தேன். யாவாரியிடம் என் பிறந்த தேதியும் நேரமும் எழுதிக் கொடுத்து, வேறு பேரில் போட்டு வாங்கி வரச் சொன்னேன். என் நட்சத்திரம் சரியாகத்தான் வந்தது. சந்தேகம் கூடிப்போயிற்று. என்னுடையது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

வாத்தியார் ஒருநாள் உட்கார வைத்து விளக்கினார். என் புரோகிராம் வாக்கியப் பஞ்சாங்கப்படி போடுகிறதாம். எதிர்க்கடையுடையது திருக்கணிதப்படி. ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது பிறக்கிற நேரம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. அரை மணி, ஒரு மணி முன்னப்பின்ன வரும். "ரெண்டும் தப்பில்லைங்க" என்றார். இரண்டும் தப்பில்லை என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை.

அந்தச் சமயம்தான் வாழவந்தி நாட்டுப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் மகளுக்குப் பார்க்க வந்தார். ரஜ்ஜு தட்டிற்று, அது தட்டினால் கட்டக் கூடாது என்பார்கள். "ஒருக்கா நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாருங்களே" என்றார்.

"எழுதி வச்ச நேரத்தை மாத்தறதுக்கு நான் யாருங்க?"

அவர் எதிர்க்கடைக்கும் போகவில்லை. என்னை நம்பி அந்த இடத்தை விட்டுவிட்டார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து என் மகளுக்கு ஒரு இடம் வந்தது. பையன் பேளுக்குறிச்சி. கொஞ்சம் நிலம், மோட்டார் காயில் கட்டும் கடை. காரவள்ளியில் ஒரு கல்யாணத்தில் மகள் அவனைப் பார்த்திருக்கிறாள். பிடித்துப்போயிற்று. என்னிடம் சொல்லவில்லை. அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "அப்பா வேண்டாம்னு சொல்லிராமப் பாத்துக்கம்மா."

பெண்ணின் தேதியும் நேரமும் தரகரிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். பையனுடைய அப்பா ஒரு நாள் மலை ஏறி வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடைக்கு வரவில்லை. நேராக எதிர்க்கடைக்குப் போனார். அரைமணி கழித்துக் கலர் தாளோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, பத்துக்கு ஆறு வந்திருக்குதுங்க. ரஜ்ஜு தட்டலீங்க. அப்புறமென்ன?"

தாளை வாங்கிப் பார்த்தேன். பையன் திருவோணம். என் மகள் பேருக்கு நேரே சித்திரை என்று போட்டிருந்தது.

"எம் பொண்ணு அஸ்தமுங்க."

"இதுல சித்திரைன்னு வந்திருக்குதுங்களே."

"அதான் தப்புங்கிறேன்."

அவர் எதிரிலேயே என் கம்ப்யூட்டரில் தட்டினேன். அஸ்தம். அஸ்தத்துக்கும் திருவோணத்துக்கும் கழுத்து ரஜ்ஜு. கட்டினால் பெண் உயிருக்கு ஆகாது என்பார்கள். பச்சை எழுத்தில் வந்ததை அவருக்குக் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கு அந்த மிசினு போதுங்க."

"எனக்குப் போதாதுங்க."

"நீங்க பொண்ணுக்குப் பாக்கறீங்களா, மிசினுக்குப் பாக்கறீங்களா?"

அவர் எழுந்தார். "அடுத்த சந்தையன்னிக்கு வாரேனுங்க. அதுக்குள்ள ஒண்ணு சொல்லீருங்க. வேற எடமும் கேட்டுக்கிட்டு இருக்கறாங்க." மரியாதையாகத்தான் சொன்னார்.

எதிர்க்கடைப் பையன் இவர்களோடு சேர்ந்துகொண்டு மாற்றியிருக்கிறான் என்று எனக்கு நிச்சயம். மறுநாள் காலையில் முதல்முறையாக ரோட்டைத் தாண்டி அவன் கடைக்குள் போனேன். என் எதிரில் தட்டச் சொன்னேன். அவன் திரையை என் பக்கம் திருப்பினான்.

"நீங்களே தட்டுங்களேன் அண்ணா."

தட்டினேன். மவுஸைப் பிடிக்கத் தெரியவில்லை, அம்பு மேலே ஓடி ஒளிந்துகொண்டது. அவன் சிரிக்கவில்லை. கையை வைத்துக் காட்டினான். சித்திரை என்று வந்தது. அவன் எதையும் தொட்டதாகத் தெரியவில்லை.

"நேரம் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எவ்வளவுங்க?"

மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

"உங்களுதுல ஒரு முக்காமணி தள்ளிப் போட்டீங்கன்னா அதும் சித்திரைதானுங்க வரும்" என்றான். எனக்குத் தப்புச் செய்யக் கற்றுக்கொடுக்கிறான் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் பிறந்தபோது நாங்கள் பைல் நாட்டில் ஒரு தோட்டத்தில் குடியிருந்தோம். மிளகு பறிக்க வந்த வருசம். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. ஊட்டிலேயே பிறந்தாள். என்னிடம் கடிகாரம் கிடையாது. குழந்தை அழுத சத்தமும் கீழேயிருந்து வந்த பஸ் ஹாரன் சத்தமும் ஒன்றாகக் கேட்டது. அந்தப் பஸ் பதினொன்று பத்துக்கு வரவேண்டியது. பதினொன்று பத்து என்று எழுதி வைத்தேன். கீழே போய் ஜோசியரிடம் ஜாதகம் எழுதினதும், கோயிலில் அஸ்தம் என்று சொல்லி இருபத்தோரு வருசம் அர்ச்சனை செய்ததும் அதை வைத்துத்தான்.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஊட்டுக்குப் போனேன். மனைவி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் தையல் மிசினில் இருந்தாள், நான் உள்ளே வந்ததும் பெடலை நிறுத்தினாள். பிறகு எழுந்து வெளியே போய்விட்டாள்.

"இவ பொறந்தப்ப பஸ்ஸு வந்துதே, அது நேரத்துக்குத்தான வந்தது?"

"எந்தப் பஸ்ஸு நேரத்துக்கு வந்துது?"

"அன்னிக்குக் கேக்கறேன்."

"அன்னிக்கு உச்சி தாண்டிருச்சு. வளைவுல லாரி மாட்டிக்கிச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. மருத்துவச்சி சோறு திங்கப் போயிட்டு வந்தா, அதுக்கப்புறந்தான் பொறந்தா."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேன். பஸ்ஸு நேரம் எழுதின போர்டுல பதினொண்ணு பத்துன்னுதான் போட்டிருக்குதுன்னீங்க."

கிழங்கைப் பார்த்தபடியே சொன்னாள். கத்தி நிற்கவில்லை. எனக்கு அந்த போர்டு ஞாபகம் இருக்கிறது, நீலத்தில் வெள்ளை எழுத்து. அவள் சொன்னது ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பாள். நான் அப்படிச் சொல்லக் கூடியவன்தான்.

ஆனால் இருபத்தோரு வருசம் அவள் அதைப் பற்றிப் பேசினதில்லை. இப்போது எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. லாரி, மருத்துவச்சி, சோறு எல்லாம் வரிசையாக வந்தது. முந்தின நாள் ராத்திரி தாயும் மகளும் அடுப்படியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நெசந்தானா?"

"நான்தானுங்க பெத்தேன்" என்றாள்.

மறுநாள் மனைவி என்னோடு கடைக்கு வந்தாள். அத்தனை வருசத்தில் அவள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றதில்லை. பேரும் தேதியும் தட்டிவிட்டு, நேரம் கேட்கிற இடத்தில் நிறுத்தினேன். "எத்தன மணின்னு போட?"

"பன்னெண்டே காலு போடுங்க."

போட்டேன். சித்திரை என்று வந்தது. திருவோணத்தோடு சேர்த்துப் பார்த்தேன். ரஜ்ஜு தட்டவில்லை. பிரிண்டர் கத்தி முடிக்கும்வரை அவள் நின்றாள். "ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். என் மகளுக்கு இரண்டு கம்ப்யூட்டரும் முதல்முறையாக ஒன்றையே சொல்லிற்று.

விசயம் டீக்கடைக்கு என்னைவிட முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மிளகு யாவாரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேரத்தை மாத்திட்டயாமா மாப்ள."

"மாத்தலை. திருத்தினேன்."

"உன்னைய நம்பி ஊரெல்லாம் நம்ம மிசினுதான் சரின்னு சண்டை போட்டேன். நீ ஊட்டுக்குள்ளயே அவனுக்கு ஓட்டுப் போட்டுட்ட."

வாத்தியார் டீயை ஆற்றிக்கொண்டே, "திருக்கணிதத்துக்கு ஒரு ஆள் கூடிப்போச்சுங்க" என்றார். வாக்கியத்திலேயே சித்திரைதான் வந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வாழவந்தித் தோட்டக்காரரும் அன்றைக்கு அங்கே இருந்தார். மகளுக்கு இன்னும் இடம் அமையவில்லை. எழுந்து போகும்போது என் பெஞ்சுக்கிட்டே நின்றார்.

"எங்களுக்கும் ஒருக்கா பஸ்ஸு லேட்டா வந்திருக்கக் கூடாதுங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. என்னால் டீயை முடிக்க முடியவில்லை. அன்று சாயங்காலம் அவர் தோட்டத்துக்குப் போனேன். மகள் பிறந்த நேரம் யார் சொன்னது என்று கேட்டேன். அவருடைய சம்சாரம், நாமக்கல் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது என்று சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்த நேரம்தான் நான் போட்டது. வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை. திரும்பி வந்தேன்.

சந்தை நாளன்று பையனுடைய அப்பா வந்தார். சரி என்று சொன்னேன். என் தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"அத வச்சு என்னுங்க பண்றது? எங்களுக்குத்தான் அன்னிக்கே வந்திருச்சே. உங்களுக்கு வரட்டும்னுதான் காத்திருந்தோம்."

தை மாசம் கல்யாணம். ரெண்டாயிரம் பிறந்திருந்தது. என் கம்ப்யூட்டர் நிற்கவில்லை, தேதியை மட்டும் தப்பாகக் காட்டிற்று. பத்திரிகையை எதிர்க்கடையில்தான் அடித்தேன். அந்தப் பையன் பொண்ணு பேரைக் கலரில் போட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு ஜாதகம் போட யார் வந்தாலும், நேரம் யார் சொன்னது என்று கேட்பேன். தெரியாது என்றால், ஊட்டில் பெத்தவங்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் திரும்பி வரமாட்டார்கள், எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

மகள் பேளுக்குறிச்சியில் நன்றாக இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். அவள் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம், அன்றைக்கு வளைவில் லாரி மாட்டிற்றா இல்லையா என்று எனக்கு ஒரு நினைப்பு வரும். மனைவியிடம் மறுபடி அதைக் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.