உப்பள வேனுக்குக் காத்து நின்ற செண்பகம் அக்கா

இன்று காலை ஆறுமுகநேரி ரோட்டில் செண்பகம் அக்காவைச் சந்தித்தேன். வந்ததும் வராததுமாக டைப் பண்ணுகிறேன்!

விடிந்தும் விடியாத நேரம். தூரத்து உப்புக் குவியல்கள் தரையிறங்கிய மேகம் மாதிரி மிதந்தன. டீக்கடை முன்னால் தூக்குவாளியோடு அக்கா நின்றார்.

பல வருஷமாக உப்பு அள்ளுகிறவர். கோடைத் தொடக்கத்தில் சூப்பர்வைசரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்: "உப்பு வெள்ளையில கண்ணு கூசுது சார். எங்க எல்லாத்துக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கித் தாங்க."

"ஏளா, சினிமாவுல நடிக்கப் போறியாக்கும்?" என்று சூப்பர்வைசர் சிரித்தாராம்.

மறுநாள், ஆட்களை ஏற்றிப்போகும் உப்பள வேன் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த நாளும். வேலையை விட்டு நீக்கியதாக யாரும் சொல்லவில்லை. தினக்கூலி ஆளை அங்கே அப்படித்தான் அனுப்புவார்கள்.

அக்கா தினமும் சோறு கட்டிக்கொண்டு அதே இடத்தில் வந்து நின்றார். "என்ன தாயி, கப்பலுக்கா காத்து நிக்க?" என்று டீக்கடைக்காரர் கிண்டலடிப்பாராம்.

"கனவுல தினமும் வேன்ல ஏறிட்டுத்தான் இருந்தேன் தம்பி. அளம் பூரா நிலா வெளிச்சமா இருக்கும். முழிச்சா இந்த ரோடுதான்" என்றார்.

தூத்துக்குடியில் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். சமரசப் பேச்சில் உப்பளத்துக்காரர் சொன்னது: "நாங்க எங்க நிறுத்துனோம்? அவளாத்தான் வரல." தானாகப் போனவர் என்று முடிவாகிவிட்டால் அக்காவின் வேலை போனது போனதுதான். அப்போது, அக்கா கெஞ்சிக் கூட்டிவந்திருந்த வேன் டிரைவர் எஸ்றா அண்ணாச்சி எழுந்தாராம்.

"தினமும் நின்னாவ சார். வண்டிய நிறுத்தாதன்னு சூப்பர்வைசர் எங்கிட்ட சொல்லிட்டாவ. அந்த இடம் வந்தா நான் மூஞ்சியத் திருப்பிக்கிடுவேன்."

அதோடு பேச்சு மாறியது. பழைய சர்வீஸோடு அக்காவுக்குத் திரும்ப வேலை. எஸ்றா அண்ணாச்சி வேலைக்கும் பங்கம் வரக் கூடாது. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்றுதான் முதல் நாள்.

ஹாரன் கேட்டது. அக்கா தூக்குவாளியை இறுக்கிப் பிடித்தார். வேன் மெதுவாகி, மெதுவாகி... நின்றது!

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல்: "ஏளா நடிகை, கண்ணாடி எங்க?"

"திரும்பக் கேப்பம்ளா!" என்று சிரித்தபடி ஏறினார். வேன் அந்த வெள்ளைக்குள் கரைந்து போனது. என் டீ ஆறியே போயிருந்தது.

உங்கள் தெருவில் யாரையாவது இப்படிச் சொல்லாமலே நிறுத்தியிருக்கிறார்களா? இதை அவர்களுக்கு அனுப்புங்கள். வேலை இடத்துக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள். நின்றதைப் பார்த்தவரையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகம் போகச் சொல்லுங்கள்.