அண்டாவில் போன அம்மாள்

வரலாற்றுச் சங்கம் என்றதும் பெரிய கட்டடம், கண்ணாடிப் பெட்டி, வாசலில் காவலாளி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் ஒன்று கால் உடைந்தது. ஒரு இரும்பு பீரோ. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுவார்கள், பன்னிரண்டு வரை பழைய கதை பேசுவார்கள், பேசியதை எழுதி வைப்பார்கள். அவ்வளவுதான் சங்கம். ஆனால் அந்த ஊரில் அந்த இரண்டு மணி நேரத்துக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிற ஆட்கள் எட்டுப் பேராவது இருந்தார்கள்.

பீரோ சாவி செயலாளரம்மாவிடம் இருந்தது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தைந்து வயது. பேச்சு குறைவு, பென்சில் கூர்மை. சங்கத்தில் ஒரு சட்டம் உண்டென்றால் அது அவர் கொண்டுவந்த சட்டம்தான். ஒரு நினைவு புத்தகத்துக்குள் போக வேண்டுமானால் அதை இரண்டு பேர் சொல்ல வேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் பேச்சை அப்படியே ஒப்பித்தால் செல்லாது. முதலாமவர் சபையில் சொல்லாமல் விட்ட ஒன்றையாவது சொல்ல வேண்டும். அப்படி அமைந்தால் நீல உறை. ஒருவர் மட்டும் சொன்னது பழுப்பு உறையில் கிடக்கும்.

"அக்கா, நான் பொறந்ததுக்கு எங்கம்மா ஒருத்திதான் சாட்சி. என்னையும் பழுப்பு உறையிலதான் போடுவீங்களா?" என்று பேக்கரிக்காரர் ஒருமுறை கேட்டார்.

"பிரசவம் பாத்த நர்ஸம்மா இருந்திருப்பாங்களே. கூட்டிட்டு வாங்க, எழுதிக்கறேன்" என்றார் செயலாளரம்மா. சிரிக்கக்கூட இல்லை.

பழுப்பு உறைகளிலேயே மிகப் பழையது சலூன்காரருடையது. ஒன்பது வருஷமாக அங்கேயே கிடந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. வெள்ளம் வந்த மாதம் திரும்பும்போதெல்லாம் எழுந்து நின்று அதே கதையைச் சொல்வார். அந்த வெள்ளம் வந்து அப்போதே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். தெருவுல என் இடுப்பளவு தண்ணி. கடைப் பலகைய மூடிட்டுக் கிளம்பறேன், பக்கத்துச் சந்துலருந்து ஒரு அம்மா வர்றாங்க. பிளாஸ்டிக் தாளத் தலையோட போத்திருந்தாங்க, மொகமே தெரியல. கொழந்த, பள்ளத் தெருவுல கொழந்தங்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? வாடகைப் பாத்திரக் கடையிலருந்து ஒரு பெரிய அண்டா மெதந்து வந்துச்சு. அதுல அவங்கள உட்கார வச்சுத் தள்ளிக்கிட்டே போனேன். பள்ளத் தெரு முனையில மாடிப்படி மேல ஏத்தி விட்டேன். அதுக்குள்ள அண்டா என்னை இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு தெரியாது."

இந்த இடத்தில் பேக்கரிக்காரர் தவறாமல் கேட்பார்: "அண்டாவுக்கு மூடி இருந்துச்சாண்ணே?"

அறையே குலுங்கிச் சிரிக்கும். சலூன்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஊருக்குள் யாராவது அளந்துவிட்டால் 'அண்டா விடாதே' என்று சொல்லும் அளவுக்கு அது பரவிவிட்டது. செயலாளரம்மா மட்டும் சிரிக்க மாட்டார். உறையின் மேல் பென்சிலால் 'இரண்டாம் சாட்சி இல்லை' என்று எழுதி, அந்த வருஷத்தைப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

அது உண்மை என்று சலூன்காரரைத் தவிர அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அண்டாவில் உட்கார்ந்து போனது அவர்தான்.

இதை வெளியே சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் அண்டா அல்ல, ஒரு நாற்காலி. எக்ஸ்சேஞ்சில் மொத்தம் நான்கு ஆபரேட்டர்கள். வெள்ளத்தன்று மழையில் நீந்தி வேலைக்கு வந்து சேர்ந்தது இரண்டு பேர். செயலாளரம்மா ஒருவர். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது, மூன்று மாதக் கைக்குழந்தை. இன்னொருத்தி அவருடைய தோழி. லைனில் யார் என்ன சொன்னாலும் முதலில் சிரிப்பாள், பிறகுதான் இணைப்புக் கொடுப்பாள். அதனால் ஊரே அவளைச் 'சிரிப்பு' என்றது. சுவரில் தொங்கிய அட்டவணைப்படி முதல் நாற்காலி செயலாளரம்மாவுக்கு, இரண்டாவது சிரிப்புக்கு. முதல் நாற்காலிக்கு மேலே கூரை சொட்டிக்கொண்டிருந்தது.

"பச்ச ஒடம்புக்காரி நீ. இதுல நனைஞ்சுக்கிட்டு உட்காருவியா? எந்திரி, எந்திரி. அந்தப் பக்கம் போ" என்று சிரிப்பு அவரைக் கிளப்பிவிட்டு, ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சொட்டுகிற நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஆற்றுக்கரை உடைந்தது. ஒன்றரைக்குப் பள்ளத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ கூப்பிட்டுச் சொன்னார்கள். செயலாளரம்மாவின் வீடு அந்தத் தெருவில்தான். வீட்டில் குழந்தையும், கால் நடக்க வராத மாமியாரும். கணவர் லாரியோடு வெளியூரில். ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். சிரிப்பு தடுக்கவில்லை. "போ, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் மாலை ஆறு மணிக்கு லைன் அறுந்து போகும்வரை, ஆஸ்பத்திரிக்கும் அணைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவள் ஒருத்தியே இணைப்புக் கொடுத்தாள். ஆபரேட்டர்கள் பெயர் சொல்லக்கூடாது, நாற்காலி எண்ணைத்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. "ஒன்று பேசுகிறேன்" என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொன்னாள்.

தலைமை அலுவலகத்தில் குறித்துக்கொண்டார்கள்: ஒன்றாம் நாற்காலி கடைசிவரை பதில் சொன்னது, இரண்டாம் நாற்காலி பாதியில் ஊமையாகிவிட்டது. அட்டவணையை எடுத்துப் பார்த்தார்கள். செயலாளரம்மாவுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது, சிரிப்புக்கு விசாரணை. விசாரணை அன்று இவர் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். எதற்காக இருக்கையை விட்டுப் போனாய் என்று அதிகாரி கேட்டார். சிரிப்பு ஒரே ஒரு தடவை இவரைத் திரும்பிப் பார்த்தாள். "பயமா இருந்துச்சு சார்" என்றாள்.

இவர் வாயைத் திறக்கவில்லை. கைக்குழந்தை, லாரி ஓட்டிக் கிடைக்கிற நிச்சயமில்லாத வருமானம், நடக்க முடியாத மாமியார் என்று காரணங்கள் இருந்தன. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் பிள்ளை வளர்ந்து, கணவர் நிலைப்பட்டு, மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் திறக்கவில்லையே, அதற்கு என்ன காரணம்? வேலை போன சிரிப்பு வெளியூரில் அக்கா வீட்டோடு போய்விட்டாள். அங்கே துணிக்கடையில் நின்றாள். வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். பையன் எந்த வகுப்பு, பல் விழுந்ததா, உயரமாகிவிட்டானா என்று கேட்டிருப்பாள். வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. மூன்று மாதத்துக்கு முன்பு அவள் இறந்துபோன செய்தி வந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற நில அளவையாளர், ஊரே அவரை சர்வேயர் ஐயா என்று சொல்லும், பழைய எக்ஸ்சேஞ்ச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பதிக்க ஏற்பாடு செய்துவிட்டார். அந்த ஞாயிறன்று வாசகத்தைத் தாளில் அடித்துக்கொண்டு வந்து உரக்கப் படித்தார். 'வெள்ளத்தன்று ஒன்றாம் நாற்காலியில் அமர்ந்து, மாலைவரை தனியொருவராய் இணைப்புக் கொடுத்து ஊரைக் காத்தவர்.' அதன் கீழே செயலாளரம்மாவின் பெயர். அவர் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கல் செதுக்கப் போய்விடும்.

"இது நீல உறைக் கதைங்கம்மா. ஒண்ணு பேசுறேன்னு கேட்டவங்க எங்கிட்டயே முப்பது பேர் சொல்லியிருக்காங்க. கண்ண மூடிட்டுப் போடலாம்" என்றார் சர்வேயர்.

ஒன்று பேசியதற்கு முப்பது சாட்சி உண்டு. ஒன்றில் உட்கார்ந்திருந்தது யார் என்பதற்குச் சுவரில் தொங்கிய அட்டவணையைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஒரே தாளை நம்பினால் என்ன ஆகும் என்று அந்த அறையிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். இரட்டைச் சாட்சிச் சட்டம் கொண்டுவந்ததே அதனால்தான் என்று இப்போது சொல்லலாம். ஊரில் உள்ள அத்தனை கதையையும் தட்டிப் பார்த்தவர், தன் கதையை மட்டும் தொடவில்லை.

செயலாளரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பீரோவைத் திறந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார்.

"இதுக்கு ரெண்டாவது சாட்சி கெடச்சிருச்சு."

பேக்கரிக்காரருக்குத் தாங்கவில்லை. "யாருக்கா? அண்டாவே வந்துருச்சா?"

"அந்த அம்மா நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சர்வேயர்தான் முதலில் சுதாரித்தார். "அதெப்படிங்க? நீங்கதான் ஆறு மணி வரைக்கும் எக்ஸ்சேஞ்ச்ல... சலூன்காரர் மேல இரக்கப்பட்டு இப்படிச் சொல்றீங்கன்னா..."

"இரக்கமெல்லாம் இல்லங்க ஐயா. சட்டப்படியே கேளுங்க. அவர் சபையில சொல்லாதது ஒண்ணு சொல்றேன்." அவர் சலூன்காரர் பக்கம் திரும்பினார். "அண்டாவுல அடியில ஓட்டை இருந்துச்சு. தண்ணி உள்ள வந்துச்சு. நீங்க சட்டைப் பையிலருந்து சவரச் சோப்பு எடுத்து, பல்லால கடிச்சு, பெசஞ்சு அடைச்சீங்க. வாயெல்லாம் நுரை. நான் அந்த நெலமையிலயும் சிரிச்சுட்டேன்."

சலூன்காரர் எழுந்துவிட்டார். "சோப்ப நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார் மெதுவாக. "அதையும் சொன்னா இன்னும் சிரிப்பீங்கன்னுதான் விட்டுட்டேன்."

செயலாளரம்மா நாற்காலி மாறியதைச் சொன்னார், விசாரணையைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அழுகை வந்தபோது நிறுத்தி, துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சர்வேயர் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"வேலைக்கு வந்தது ரெண்டு பேர். ஒருத்தர் அண்டாவுல போயிட்டாங்க. மிச்சம் இருந்தது யாருன்னு அளந்து பாக்க வேண்டியதில்ல" என்றார். செயலாளரம்மாவின் பெயரைக் கோடு போட்டு அடித்தார். சிரிப்பின் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினார். ஊருக்கே செல்லப் பெயரால் தெரிந்தவளின் சொந்தப் பெயரை அன்றுதான் பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

சலூன்காரர் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். செயலாளரம்மா பின்னாலேயே போய் நடுப்படியில் பிடித்தார்.

"அண்ணே, என்னை நாலு வார்த்த திட்டிட்டாவது போங்க. ஒம்பது வருஷம் உங்களப் பொய்யனாக்கி உட்கார வச்சுட்டேன்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, அதுக்கில்லம்மா கோவம்." அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வருஷா வருஷம் வெக்கத்த விட்டு எந்திரிச்சு அந்தக் கதைய எதுக்குச் சொன்னேன்னு நெனக்கிறீங்க? புத்தகத்துல என் பேர் வரவா? அந்தக் கொழந்த பொழச்சுதா, போச்சான்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியாது. நான் இன்னும் வேகமாத் தள்ளியிருக்கணுமோன்னு எத்தன நாள் படுத்துக்கிட்டு யோசிச்சிருக்கேன் தெரியுமா? கேக்கறவங்கள்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கும், சொல்லுவாங்கன்னுதான்மா சொன்னேன். நீங்க முன்னாடி உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருந்திருக்கீங்க."

அது செயலாளரம்மாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சிரிப்புக்குத் தான் செய்ததை ஆயிரம் முறை எண்ணிப் பார்த்தவர், இவருக்கும் ஒன்று செய்திருக்கிறோம் என்று நினைத்ததே இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பொழச்சுட்டான்ணே. எங்க மாமியார் கட்டில் மேல ஏறி, அவன அலமாரி மேல்தட்டுல படுக்க வச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நடக்க முடியாத மனுஷி. நான் போனப்ப அவங்க கழுத்துக்குத் தண்ணி. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா ரெண்டு பேரும் இல்ல." "இப்பவும் இதே ஊர்லதான் இருக்கான். பின்கழுத்துல பெரிய மச்சம் இருக்கும் பாருங்க..."

சலூன்காரர் தலையைத் தூக்கினார்.

"அவனா உங்க பையன்? வலது பக்கம் சுழி, கிருதா வச்சா பிடிக்காது, அந்தத் தம்பியா?" அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "போன வாரம்கூட வந்தானேம்மா. அந்தத் தலைய எத்தன வருஷமா நான்தானே பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். செயலாளரம்மாவும் இரண்டு படி மேலே உட்கார்ந்தார். கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியை அடித்து அடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.