அம்மன் சொன்ன ஆபரேஷன்

நகரிப் பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவோடு இருப்பதா, மதராஸோடு போவதா என்று பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் என் இடது காலை வைத்து அதே சண்டை நடந்தது. ஊர்க்காரர்களிடமாவது யாரோ ஜீப்பில் வந்து மனு வாங்கிக்கொண்டு போனார்கள். காலுக்குச் சொந்தக்காரியான என்னை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் சீழ் பிடித்திருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டர் கோதாவரிப் பக்கத்து ஆள். நைனாவுக்கு வந்தது சந்தைத் தெலுங்கு. அதை வைத்து மாட்டுக்கு விலை பேசலாம், டாக்டரிடம் பேச முடியாது. டாக்டர் அவரை விட்டுவிட்டு, தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்த என் பக்கம் திரும்பினார். கீறி எலும்பைச் சுரண்ட வேண்டும், பிறகு வலிக்கும், செய்யாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். அப்புறம், "ஏமண்ட்டாவு பாப்பா?" என்றார். நீ என்ன சொல்கிறாய் என்று அதுவரை என்னை யாருமே கேட்டதில்லை.

"சேயண்டி" என்றேன். செய்யுங்கள்.

நைனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "சுண்டக்கா மாதிரி இருக்குது, இத்தக் கேட்டுக்கினுதான் அறுப்பாரா அவரு?" என்று என்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் பெரியப்பா தயாராக இருந்தார். "எலும்புன்னா புத்தூர் கட்டுதான்டா. பொட்டப் புள்ள கால்ல கத்தி வச்சா எவன்டா கட்டிக்கினு போவான்?" உடைந்த எலும்புக்குத்தான் புத்தூரில் கட்டுப் போடுவார்கள். எனக்கு எதுவும் உடையவில்லை. ஆனால் பெரியப்பா தலைவலிக்கே புத்தூருக்கு வழி சொல்லக்கூடியவர்.

"டாக்டரு சொன்னபடியே செஞ்சிடலாமே" என்று அம்மா வாயெடுத்தாள்.

"உனக்கு இன்னா தெரியும்?" என்றார் நைனா. அத்தோடு அம்மாவின் அபிப்பிராயம் கேட்டு முடிந்தது.

கடைசியில் அம்மன் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. இலையில் மடித்து இரண்டு பொட்டலம். மல்லி வந்தால் ஆபரேஷன், செம்பருத்தி வந்தால் புத்தூர். கட்டுவது அம்மா, எடுப்பது நான். காய்ச்சல் அடித்தாலும் என் மூக்கு நன்றாகவே இருந்தது. மல்லி மணக்கும், செம்பருத்தி மணக்காது. இதற்குப் போய் அம்மனைத் தொந்தரவு செய்வானேன்?

குனிந்து முகர்ந்தேன். இரண்டுமே மணத்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

"எடுடீ" என்றார் பெரியப்பா. கைக்கு வந்ததை எடுத்தேன். மல்லி.

நைனா தரையில் விழுந்து கும்பிட்டார். பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்; என் கால் பிழைத்ததற்கு அம்மனே காரணம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தழும்போடு என்னைக் கட்டிக்கொண்டு போகவும் ஒருவர் வந்தார், அது வேறு கதை. மற்றப் பொட்டலத்துக்கு நான் கை நீட்டுவதற்குள் அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் திருப்பதி பஸ்ஸில் நைனா முன் சீட்டில் தூங்கிவிட்டார். அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். அதிலும் வாடிப்போன மல்லிதான். நான் வாயைப் பிளந்தேன்.

"மூடு வாய. அம்மன் சொன்னா உங்க நைனா கேப்பாரு. அம்மா சொன்னா கேப்பாரா?"

பிறகு என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "உனக்குச் சம்மதந்தானேடி?" என்று கேட்டாள்.