பின்படிக்கட்டின் கைப்பிடி

கெசியா தர்லோ பதினான்கு வயதில் அந்தக் குருமனைக்குள் சமையலறைக் கதவு வழியாக நுழைந்தாள். இங்கிலாந்தில், சஃபோக்கின் அந்தக் கிராமத்தில் பாதிரியார் வீட்டைவிடப் பெரிய வீடு கிடையாது. முன்புறம் ஏழு நெடிய சன்னல்கள், வெள்ளைத் தூண்கள், நான்கு பேர் கைகோத்து ஏறக்கூடிய படிக்கட்டு. வேலைக்காரப் பெண்களுக்குப் பின்னால் தனிப் படிக்கட்டு. சுவருக்குள் செருகியதுபோல் ஒடுங்கி, இரண்டு இடத்தில் வெடுக்கென்று வளைந்து, இருட்டாக மேலே போகும். வெந்நீரும் கரியும் குடும்பத்தார் கண்ணில் படாமல் மாடிக்குப் போகவேண்டும் என்றே அப்படிக் கட்டியிருந்தார்கள்.

கூட வேலை பார்த்த டார்க்கஸ், பிடித்து ஏற ஒரு கைப்பிடி கேட்டாள்.

"ஆணி அடிச்சா சுவர் பூச்சு உதிர்ந்திடும்மா. பாத்து நட," என்றார் பாதிரியார்.

அந்தக் குளிர்காலத்தில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஏறிய டார்க்கஸ் வளைவில் தவறி விழுந்தாள். மூன்றாம் நாள் செத்துப்போனாள். வயது பத்தொன்பது. அடக்கத்தில் பாதிரியார் உருக்கமாகப் பேசியதாக ஊரே சொன்னது.

ஏழு வருஷம் கழித்து, கேக் திருட அந்த வழியே இறங்கிய பாதிரியாரின் மகன் விழுந்து மோவாயைக் கிழித்துக்கொண்டான். மறுநாள் காலையிலேயே தச்சர் வந்து ஓக் மரத்தில் கைப்பிடி போட்டார். கெசியா அதை முப்பது வருஷம் துடைத்தாள்.

பிறகு திருச்சபை அந்த வீட்டை விற்றது. லண்டனிலிருந்து வந்த வெனபிள்ஸ் தம்பதி வாங்கினார்கள். வீட்டை ஊருக்குத் திறந்து காட்டிய நாளில் திருமதி வெனபிள்ஸ் கெசியாவையும் அழைத்து, பழைய வேலைக்காரியாக நின்று காட்டப் போட்டுக்கொள்ள ஒரு பழைய ஏப்ரனை நீட்டினாள். கெசியா கோட்டைக் கழற்றவில்லை.

"பாருங்க, வேலைக்காரங்க விழுந்துடக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே கைப்பிடி வச்சிருக்காங்க," என்றாள் திருமதி வெனபிள்ஸ், கூட்டத்தைப் பார்த்து.

"எங்களுக்காக இல்லம்மா. பாதிரியார் மகன் விழுந்தப்போ வச்சது. டார்க்கஸ் செத்தப்போ வைக்கல."

கூட்டம் தோட்டத்துக்கு நகர்ந்ததும் திருமதி வெனபிள்ஸ் தணிந்த குரலில் சொன்னாள்: "இதைக் கேக்கவா ஜனங்க வர்றாங்க, கெசியா?"

மறுவருஷம் அழைப்பு வரவில்லை. வீட்டைப் பார்க்க வரச்சொல்லும் துண்டுப்பிரசுரம் மட்டும் வீடு வீடாக வந்தது. கைப்பிடி, வேலையாட்கள்மேல் பாதிரியார் வைத்த அன்புக்கு அடையாளமாம்.

நடந்ததை ஒரு தாளில் எழுதி, கடைக்கார நார்மனின் அறிவிப்புப் பலகையில் கெசியா ஒட்டினாள். அவள் கண்ணெதிரிலேயே அவன் அதை எடுத்தான்.

"உங்களுக்கென்ன கெசியாம்மா, பென்ஷன் வருது. என் பொண்டாட்டி அந்த வீட்டுலதான் சமைக்கிறா."

"செத்தது உன் சொந்த அத்தைடா, நார்மன்."

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போனவங்க."

தாளை நான்காக மடித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டான்.