பல்லாவரத்தில் நின்ற சைக்கிள்

தன் உடம்பைப் பற்றி ஒருவனுக்கு மட்டும் தெரிந்த சேதி, அவனுக்கு மட்டும் சொந்தமானதா? ஓய்வாக உட்கார்ந்து யோசிப்பவருக்கு இது நல்ல கேள்வி. இரும்புலியூர் ஏகநாதனுக்கு ஓய்வாக யோசிக்க வழி இருக்கவில்லை. தாம்பரத்துக்கும் கடற்கரை ஸ்டேஷனுக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டும் மோட்டார்மேன் அவர். காலை வண்டியில் அவர் முதுகுக்குப் பின்னால் ஆயிரம் பேருக்கு மேல் நின்றும் தொங்கியும் வந்துகொண்டிருந்தார்கள்.

ரயில்வேயில் கலாசி என்ற கடைநிலைத் தொழிலாளியாகச் சேர்ந்து, பதினாறு வருஷம் கழித்து வண்டியின் முன்கேபினுக்கு வந்தவர். அந்த இடத்தைத் தவிர அவருக்குப் பெருமை என்று வேறெதுவும் கிடையாது. 1986இல் நடந்த மருத்துவச் சோதனையில் ரயில்வே டாக்டர் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அடுத்த தடவை இப்படியே வந்தா வண்டியிலேருந்து இறக்கிடுவேன்" என்றார். அடுத்த தடவை என்பது 1988 பிப்ரவரி.

ஜி.எஸ்.டி. ரோட்டில் காலையில் நடக்கலாம். ஆனால் ஒரு மோட்டார்மேன் நடக்க ஆரம்பித்தால் அன்று மாலைக்குள் டிரைவர்கள் ஓய்வறையில் அது பேச்சாகிவிடும். டாக்டர் என்ன சொன்னார், சுகரா, பிரஷரா என்று கேட்பார்கள். எனவே ஏகநாதன் வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கத் தீர்மானித்தார். தன் பழைய சைக்கிளைப் பட்டறைக்கு எடுத்துப்போய், பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றும்படி ஓர் இரும்புத் தாங்கி அடித்து வாங்கினார். பிரேக் கட்டை சக்கரத்தை லேசாக உரசும்படி திருகிவைத்தார். மிதிப்பதற்குக் கனம் வேண்டுமே. பின்கட்டு அறையில், சுவரைப் பார்த்தபடி சைக்கிள் நின்றது.

மற்றவர்களாக இருந்தால் அரைமணி, முக்கால்மணி என்று மிதித்திருப்பார்கள். ஏகநாதன் கால அட்டவணைப்படி மிதித்தார். தாம்பரத்தில் கிளம்புவார். எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷம் என்பது அவர் காலுக்கே தெரியும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அரை நிமிஷம் மிதிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி கிளம்புவார்.

மனைவி திரிபுரசுந்தரி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"இன்னாங்க, எங்க கீறீங்க?"

"மாம்பலம்."

"அப்டியே எறங்கி ஒரு பொடவ வாங்கியாங்களேன்."

"இது ஃபாஸ்ட்டு வண்டி, நிக்காது."

"இப்பதான நின்னீங்க! சக்கரம் சத்தமே வரல, எனக்குத் தெரியாதா?"

முதல் வருஷம் கடற்கரைவரை போனார். சில நாள் திரும்பவும் வந்தார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடவேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் தீபாவளி சமயத்தில் ஒருநாள் கிண்டியில் இறங்கிவிட்டார்.

"இன்னா, அதுக்குள்ள?"

"சிக்னல் இல்ல" என்றார்.

சுந்தரி சிரித்தாள். மறுநாளும் கிண்டியில் சிக்னல் இல்லை. கார்த்திகையில் வண்டி பரங்கிமலையைத் தாண்டவில்லை. மார்கழி பிறந்தபோது மீனம்பாக்கம். அதன்பிறகு எந்த ஸ்டேஷன் என்று கேட்பதை அவள் விட்டுவிட்டாள். சக்கரம் நின்றால் கடிகாரத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவருக்குள் இருந்த ஏதோ ஒன்று நகரத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு ஸ்டேஷனாக வீட்டை நோக்கி வந்துகொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது. மார்பின் நடுவில் கல்லை வைத்ததுபோல் இருக்கிறது என்று அவர் ஒரே ஒரு முறை சொன்னார். மிதிப்பதை நிறுத்தினால் போய்விடுகிறது என்றும் சொன்னார்.

சேலையூர் எலியேசர் அவருடன் சேர்ந்து மோட்டார்மேன் ஆனவர். பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுக்கு நடுவில் ஏகநாதன் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"ஓட்டிகினு இருக்கசொல்லோ ஒருத்தனுக்கு எதுனா ஆயிப்போச்சுன்னா?"

"இன்னா ஆவும்? கைப்புடிய அமுக்கிகினே இருந்தாத்தான வண்டி ஓடும். கை தளந்துச்சுன்னா பிரேக் தானா புடிச்சிக்கும். நீ செத்தாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆவாது மச்சான்."

"அதான, அதத்தான் நானும் நெனச்சேன்."

"எதுக்குக் கேக்கற? சாவப்போறியா? போறதுன்னா பொங்கல் கறி சாப்ட்டுப் போ."

இருவரும் சிரித்தார்கள். காபி கொண்டுவந்த சுந்தரி சிரிக்கவில்லை.

ஏகநாதன் அந்தக் கைப்பிடியை முழுதாக நம்பினார். மோட்டார்மேன் அல்லாத ஒருவருக்கு இந்த நம்பிக்கை வராது. தன் நெஞ்சு தன்னுடையது, வண்டியை அந்தப் பிடி பார்த்துக்கொள்ளும் என்று கணக்கை அவர் முடித்துவைத்திருந்தார். அந்தக் கணக்கு ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நின்றது: விழுகிறவனின் கை தளரும்.

ஜனவரி கடைசியில், சோதனைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, காலை ஆறரை மணிக்குச் சக்கரச் சத்தம் நின்றது. சுந்தரி கடிகாரத்தைப் பார்த்தாள். பல்லாவரம். சத்தம் மறுபடி தொடங்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். அவர் முன்னால் கவிழ்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன.

"எறங்குங்க. கைய வுடுங்க."

அவர் விடவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. வலி ஏற ஏறப் பிடி இறுகியது. ஏகநாதன் தலையை லேசாகத் திருப்பித் தன் வலக்கையைப் பார்த்தார், வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல. மூன்று நாலு நிமிஷம் ஆகியிருக்கும். விரல்கள் மெல்லத் திறந்தன. உள்ளங்கையில் ரப்பர் உறையின் வரிகள் அப்படியே பதிந்திருந்தன.

தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பாஸாயிட்டு பாத்துக்கலாம்."

"கை தளரும்னீங்களே ரெண்டு பேரும். எங்க தளந்துச்சு? இதுவே வண்டி ஓட்டசொல்லோ ஆயிருந்தா?"

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு டியூட்டிக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் சைக்கிளில் ஏறவில்லை. ஆனால் வண்டியில் ஏறினார், பதினைந்து நாளும். ஏகநாதனைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறவர்கள் இந்தப் பதினைந்து நாளை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். அது சரியல்ல. அவருக்குத் தெரிந்திருந்தது, ஓட்டினார். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வண்டிகள் வந்துபோகும் சத்தம் வீட்டு வாசல்வரை கேட்கும். ஒவ்வொரு வண்டி போகும்போதும் சுந்தரி கைவேலையை நிறுத்தினாள். வேகம் குறைய வேண்டிய இடத்தில் வண்டியின் சத்தம் குறைகிறதா என்று கேட்டாள். ஒரு நாள் பிற்பகல் சத்தம் குறையாததுபோலத் தோன்றித் தெருமுனைவரை ஓடிப்போனாள். நிற்காமல் போகும் வெளியூர் ரயில் அது.

சோதனையில் கண் பார்த்தார்கள், நிறங்களைப் பிரித்துச் சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள், எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். படுக்கவைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். படுத்திருக்கும்போது அவருக்கு வலி வருவதில்லை; தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். "உடம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க" என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

எலியேசர் ஓய்வறையில் எல்லாருக்கும் மிக்சரும் டீயும் வாங்கிக்கொடுத்தார்.

மறுநாள் காலை ஏகநாதன் டியூட்டிக்குப் பதிவு செய்யாமல் அலுவலகத்துக்குப் போனார். வண்டி ஓட்டும் வேலையிலிருந்து விலகிக்கொள்வதாகவும், வேறு எந்த வேலையானாலும் சம்மதம் என்றும் எழுதியிருந்த தாளை நீட்டினார். தகவல் அறிந்து எலியேசர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? நேத்துதான பாஸான!"

எழுத்தர் கிருபா நல்ல பெண். தாளைத் திருப்பி அவரிடமே தள்ளினாள். "சார், உடம்பு சரியில்லன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அவங்க இறக்கினா சம்பளம் குறையாம வேற வேலை கொடுப்பாங்க. நீங்களா எழுதிக்கொடுத்தா எல்லாருக்கும் கீழ போய்ச் சேரணும். உடம்புக்கு ஏதாச்சும் இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப காரணம்னு என்ன போடறது?"

ஏகநாதன் அவளிடமிருந்து பேனாவை வாங்கி, 'சொந்தக் காரணம்' என்று எழுதித் தேதி போட்டார். அடுத்த திங்கட்கிழமை பார்சல் ஆபீஸில், தன்னைவிட இருபது வயது இளையவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தார். வலியைப் பற்றி ரயில்வேயில் ஒருவரிடமும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சுந்தரியிடமும் சொல்லவில்லை.