கொத்தனார் கூலிக்கு ஏறிய சாரம்

சைட்டில் அந்தப் பலகையை மாட்டியது நான்தான். அரசு வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாருக்கு இவ்வளவு, தச்சருக்கு இவ்வளவு, மைக்காடுக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த நாள்கூலியை எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். மைக்காடு மலையாளச் சொல்; எல்லையோரத் தமிழர்களான நாங்கள், வடகரப்பதிப் பக்கம், சித்தாள் என்போம். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டும் ஒப்பந்தக்காரரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். அம்மா அதே சைட்டில் சித்தாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தரையில் நின்று கை எட்டும் உயரம் வரை பெண்கள் சுவரைப் பூசுவார்கள். அதற்கு மேலே சாரத்தில் நின்று ஆண்கள் பூசுவார்கள். ஒரே சுவர், ஒரே கலவை. காய்ந்த பிறகு ஒட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கீழே பூசியவளுக்குச் சித்தாள் கூலி, மேலே பூசியவருக்குக் கொத்தனார் கூலி. பலகையைப் பார்த்த அன்றுதான் இது எனக்கு உறைத்தது.

மத்தியானம் சோறு உண்ணும்போது அம்மாவிடம் சொன்னேன். ஓவர்சியரிடம் கேட்கலாம், உன்னைக் கொத்தனார் பக்கம் எழுதச் சொல்லலாம்.

"கேட்டுப் பாரு கண்ணு. கொத்தனாராயிட்டா சட்டி சொமக்க வேண்டாமல்ல" என்றாள்.

அவளுக்குக் கூலியைவிட அதுதான் பெரிது. தலையில் கலவை சுமந்து சுமந்து கழுத்து தேய்ந்துவிட்டது. இனிமேல் சுமை எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சில நேரம் இடது கை மரத்துப் போகும். சைட்டில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

வேலையைப் பார்வையிட அரசு ஓவர்சியர் வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மலையாளியான அவருக்குக் கொத்தனார்தான் மேஸ்திரி. "மேஸ்திரிக்கூலி வேணும்னா மேஸ்திரிப் பணி செய்யணும். நாளைக்கு நான் வருவேன். சாரத்துல கேறிப் பூசிக் காட்டட்டும்" என்றார்.

தலைமைக் கொத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஏனுங் அம்மிணி, படிச்சது பூராத்தையும் எங்க தலையிலதான் கொட்டோணுமா? இந்த ஆடிக் காத்துல நாங்களே கம்பத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கறோம்."

கணவாய் வழியே வரும் காற்று எங்கள் ஊரில் தடுக்க ஆளில்லாமல் வீசும். மாடியின் வெளிச்சுவருக்குச் சவுக்குக் கம்பங்களில் கயிறு கட்டித்தான் சாரம். காலடிக்கு இரண்டு பலகை. அதில் நிற்பவளுக்குக் கை மரத்துப்போனால் என்ன ஆகும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் காலை, வேண்டாம்மா, நான் சொல்லிக்கறேன் என்றேன். அவள் சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பிளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேண்டாம்னா நாளைக்கு இவனுக சிரிப்பானுக."

"கை மரத்துப்போச்சுன்னா?"

"வலது கையிலதான பூசறேன்."

சிமெண்ட் ரூமில் உறை பிரிக்காமல் கிடந்த பாதுகாப்பு பெல்ட்டைக் கொண்டுவந்து அவள் இடுப்பில் மாட்டினேன். அதை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் ஏறினாள். கொக்கியை அந்தச் சவுக்குக் கம்பத்திலேயேதான் மாட்ட வேண்டியிருந்தது. கம்பம் சாய்ந்தால் அவளும் சாய்வாள். நான் கீழே கம்பத்தின் அடியைப் பிடித்துக்கொண்டேன். அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும் விடவில்லை.

கலவையைக் கயிற்றில் ஏற்றினார்கள். அவள் வீசிப் பூசத் தொடங்கினாள். பாதிச் சுவர் ஆகும்போது காற்று வந்தது. என் கையிலிருந்த கம்பம் உயிருள்ளது மாதிரி துள்ளியது. மேலே பலகையின் ஒரு முனை எழும்பித் தட்டென்று விழுந்தது. ஓவர்சியர் பின்னால் நகர்ந்தார். நான் கண்ணை மூடிவிட்டேன்.

திறந்தபோது அம்மா ஈரப்பூச்சின் மேல் முகமும் மார்பும் வலது கையும் பதிய ஒட்டிக்கொண்டு நின்றாள். இடது கை பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தது, அது அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"எறங்குங்க அக்கா, போதும்" என்றார் தலைமைக் கொத்தனார்.

காற்று தணியும்வரை அவள் அப்படியே நின்றாள். பிறகு வலது கையால் கரண்டியை எடுத்து, தன் உடம்பு பதிந்த இடத்தை நிரவினாள். மேலே கலவை வைத்துத் தேய்த்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த கலவையைத் துடைக்கவேயில்லை.

அவள் இறங்கியதும் ஓவர்சியர் ஏறி மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். "மதி, இது போதும். மேஸ்திரின்னு எழுதிக்கோ" என்றார் என்னிடம். தலைமைக் கொத்தனார் பீடியைப் பற்றவைத்தார். "இனி கீழ நிக்கற வேலையில்லீங் அக்கா. நாளையிலிருந்து மேல்கட்டு ஒங்குளுது" என்றார். கேலியா மரியாதையா என்று தெரியவில்லை. அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த நாள் வருகைப் பதிவில் கொத்தனார் பக்கத்தில் அவள் பெயரை எழுதினேன். ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. எழுத்து கோணியது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டு ஏறப் போனாள். நான் கம்பத்தடிக்கு ஓடி அண்ணாந்து நின்றேன்.

மேலிருந்து அவள் குரல் வந்தது. "அம்மிணி, நீ அப்படிப் பாத்தாத்தான் எனக்குக் காலு நடுங்குது. போயி உன்ற வேலையப் பாரு."

சிமெண்ட் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே காற்று மறுபடி கிளம்பியிருந்தது.